வாழ்வை வெறுக்கும் நெஞ்சம்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். திருமறையின் நான்காம் அத்தியாயமாகிய ‘அந்நிஸா’வின் 29ஆம் வசனம் அதனைத் தெளிவுற விலக்கியிருக்கிறது. இதில் நமக்குள் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், விலக்கப்பட்ட ஒன்றாகையால் அதைப் பற்றிய எண்ணமே நம் இல்லங்களில் தலைகாட்டாது என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அத்தகைய மரணம் ஒரு வீட்டில் நேர்ந்துவிட்டால், ‘மாரடைப்பு’ என்று ஊருக்குச் சொல்லி, அவசரம் அவசரமாக அடக்கம் செய்து, பிறகு அந்தப் பெயரையே வாயெடுக்காமல் இருந்துவிடுகிறோம். இந்த மௌனத்தால் குடும்பத்தின் மானம் காக்கப்பட்டிருக்கலாம். அடுத்த உயிர் காக்கப்படவில்லை.

செயல் வேறு, எண்ணம் வேறு. செயலைப் பற்றி மார்க்கம் தீர்ப்பளித்துவிட்டது. எண்ணத்தைப் பற்றியோ, அது யாருக்கு வருகிறது, எந்த வயதில் வருகிறது, எதனால் வளர்கிறது, எதனால் தணிகிறது என்று மனிதகுலம் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் வரலாறு நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. அதில் நம் முன்னோருக்கும் பங்குண்டு.

மறையும் மொழியும் காட்டும் வழி

சாவை விரும்பும் எண்ணம் ஈமான் இல்லாதவருக்கே வரும் என்று கருதுவோர், திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தை ஓதிப் பார்க்க வேண்டும். பேறுகால வேதனை பேரீச்ச மரத்தடிக்குத் துரத்த, துணைக்கு ஒருவரும் இன்றித் தனித்து நின்ற மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். உலகப் பெண்களுள் உயர்த்தித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று திருமறை போற்றும் பெருமாட்டியின் வாயிலிருந்து வந்த சொல் அது. அதற்கு வந்த மறுமொழியில் கண்டனம் இல்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் ஓடும் நீரும், உண்ணப் பழமும் வந்தன. உடல் நோவு, தனிமை, ஊரார் பழி என்னும் மூன்றும் ஒருசேர அழுத்தும்போது மனித நெஞ்சு எப்படி ஒடியும் என்பதையும், அப்போது முதலில் தேவைப்படுவது எது என்பதையும் இதனினும் தெளிவாக எவர் உணர்த்த முடியும்?

துன்பம் வந்ததற்காக மரணத்தை விரும்ப வேண்டாம் என்று நபிபெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீது நாம் அறிந்ததே. அந்த ஹதீது அங்கு நின்றுவிடவில்லை. அவ்வாறு விரும்பாமல் இருக்க முடியாத நிலைக்கு ஆளானவர் எப்படி இறைஞ்ச வேண்டும் என்பதையும் அது கற்பிக்கிறது: வாழ்வது நன்மையாய் இருக்கும்வரை வாழவைக்குமாறு வேண்ட வேண்டும். அத்தகைய நெஞ்சங்கள் தம் உம்மத்தில் இருக்கும் என்பதை அறிந்தே பெருமானார் வழி காட்டிச் சென்றார்கள்.

செயலில் இறங்கிவிட்டவருக்குமே கருணையின் வாயில் அடைபடவில்லை. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஒருவர், நோயின் கொடுமை தாங்காது தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அவரைத் துஃபைல் (ரலி) கனவில் கண்டதைக் கேட்ட பெருமானார் (ஸல்), அவருக்காகப் பாவமன்னிப்புக் கோரினார்கள். ‘ஸஹீஹ் முஸ்லிம்’ இதனைப் பதிவு செய்திருக்கிறது. பெருமானார் ஒரு சந்தர்ப்பத்தில் இத்தகையவருக்குத் தாமே ஜனாஸாத் தொழுகை நடத்தாது விலகினார்கள் என்னும் ஹதீதும் அதே நூலில் உண்டு. பிறருக்கு எச்சரிக்கையாகவே அது அமைந்தது என்று கொண்டு, தொழுகை நடத்தப்பட வேண்டும் என்றே இமாம்கள் அபூஹனீபா, மாலிக், ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் உள்ளிட்ட பெரும்பான்மையோர் முடிவு செய்தனர்.

பல்கிலும் பக்தாதிலும்

கி.பி. 850இல் பிறந்து 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலன்களையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். மருத்துவர்கள் உடலை மட்டும் கவனித்து உள்ளத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. துயரத்தை அவர் இரு வகையாகப் பிரித்தார். இழப்பு, பிரிவு போன்ற அறியப்பட்ட காரணத்தால் வருவது ஒன்று; காரணம் இன்னதென்று விளங்காமல் உடலின் சீர்கேட்டால் வருவது மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலான பேச்சும் சிந்தனைப் பயிற்சியும், பின்னதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். மனச்சோர்வைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மேலைநாட்டு மருத்துவம் வகுத்த பாகுபாட்டுக்கு இது மிக அருகில் நிற்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் கைரவான் நகரின் மருத்துவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான், ‘மாலிகூலியா’ எனப்பட்ட பெருஞ்சோர்வு நோயைப் பற்றித் தனி நூலே செய்தார். 11ஆம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பிய மருத்துவருக்குப் பயன்பட்டது.

பத்தாம் நூற்றாண்டின் பேரறிஞர் அபூஹய்யான் அத்தவ்ஹீதீ, கல்வியிற் சிறந்த ஒரு பெரியவரின் முடிவைப் பற்றி எழுதியிருக்கிறார். வறுமை முற்ற முற்ற அவரை மக்கள் ஒதுக்கினர், நண்பர்கள் விலகினர், ஒருநாள் அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அதன்பின் அறிஞர் கூட்டத்தில் அவர் செய்தது தகுமா, தகாதா என்று விவாதம் நடந்தது. அவர் உயிருடன் இருந்தபோது அவருடைய கதவைத் தட்டாதவர்கள், மறைந்தபின் அவரைப் பற்றி வாதாடினார்கள்! இது இன்றும் நம் ஊர்களில் நடப்பதுதான்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களுக்கே 1095இல் ஒரு பெரும் சோதனை நேர்ந்தது. பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பெருமையின் உச்சியில் இருந்த அவர்களுக்கு நாவெழவில்லை, உணவு இறங்கவில்லை. நோய் நெஞ்சில் குடிகொண்டது, அங்கிருந்தே உடலுக்குப் பரவியது என்று மருத்துவர்கள் கையை விரித்தனர். இமாமவர்கள் அதை மறைக்காமல் தம் வரலாற்றிலேயே எழுதிவைத்தார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் பெரியார் உள்ளத்தின் நோயைச் சொல்ல வெட்கப்படவில்லை என்றால், நமக்கு எதற்கு வெட்கம்?

இறந்தோரை எண்ணிய காலம்

ஐரோப்பாவில் இத்தகைய மரணத்தை நெடுங்காலம் சட்டமே தண்டித்தது. இங்கிலாந்தில் 1823 வரை அவ்வாறு இறந்தவர்களை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் இருந்தது. 1870 வரை அவர்களுடைய உடைமையை அரசு பறித்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. முயன்று பிழைத்தவர் 1961 வரை அங்கே குற்றவாளி. அந்தச் சட்டத்தின் நிழல்தான் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவாக நம்மீதும் விழுந்தது.

தண்டிப்பதை விட்டு ஆராய முற்பட்டவர்கள் முதலில் செய்தது எண்ணிப் பார்ப்பதே. 1662இல் இலண்டன் வணிகர் ஜான் கிரான்ட், நகரின் மரணப் பட்டியல்களைத் தொகுத்தபோது இத்தகைய மரணங்களையும் தனியே கணக்கிட்டார். 1897இல் பிரெஞ்சுப் பேராசிரியர் எமில் துர்கைம், ஏறக்குறைய 26,000 மரணப் பதிவுகளின் துணைகொண்டு தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். தனிமனிதனின் துயரம் என்று கருதப்பட்டதில் சமுதாயத்தின் கை இருக்கிறது என்று அவர் காட்டினார். குடும்பம், சமயம், ஊர் ஆகிய பிணைப்புகள் இறுகி நிற்கும் இடத்தில் இம்மரணங்கள் குறைவு. பிணைப்பு அறுந்தவரிடையே மிகுதி. ஜமாஅத்தாக வாழ்வதன் பொருளை உணர்ந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால், பிணைப்பு என்பது சந்தாப் புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டும் அன்று என்பதையும் நாம் உணர வேண்டும்.

உயிருள்ளோரைக் கேட்ட காலம்

எண்ணிக்கை, இறந்தவரைப் பற்றிச் சொல்லும். இறக்க நினைப்பவரின் மனத்தைச் சொல்லாது. 1910இல் வியன்னாவில் மனப்பகுப்பாய்வு அறிஞர்கள் கூடி, பள்ளி மாணவரின் தற்கொலையைப் பற்றி விவாதித்தனர். மாணவரைச் சாவுக்குத் துரத்தாமல் இருந்தால் மட்டும் போதாது. வாழ வேண்டும் என்ற ஆசையைப் பள்ளி ஊட்ட வேண்டும் என்பது அங்கே சிக்மண்ட் பிராய்டு கூறியதன் கருத்து.

1935இல் சாட் வரா என்னும் இளம் பாதிரியார் இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் நல்லடக்கத்தை நடத்தினார். பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று அஞ்சி, கேட்க ஆளின்றி, அவள் உயிர்விட்டிருந்தாள். அந்த வேதனையை மறக்காத அவர், 1953இல் தம் இலண்டன் தேவாலயத்தில், மனம் உடைந்தவர் யாரும் அழைத்துப் பேசலாம் என்று ஒரு தொலைபேசியை வைத்தார். உலகெங்கும் இன்று உள்ள உதவி எண்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘ஸ்நேகா’வும் அவ்வழியில் வந்ததே.

1956-57இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், எலி ராபின்ஸ் என்னும் மருத்துவரின் குழு இவ்வாறு இறந்த 134 பேரின் குடும்பத்தாரையும் நண்பரையும் நேரில் கண்டு விசாரித்தது. மிகப் பெரும்பாலோர் மனநோயால் துன்புற்றிருந்தனர். மூன்றில் இரண்டு பங்கினர், ஏதோ ஒரு வகையில் தம் எண்ணத்தை முன்னரே வெளியிட்டிருந்தனர். ‘சொல்பவன் செய்யமாட்டான்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு எத்தனை பொய்யானது என்பது அன்றே வெளிப்பட்டது.

அடுத்து வந்தவர் ஆரன் பெக். சோர்வு எவ்வளவு என்பதைக் காட்டிலும் நம்பிக்கையிழப்பு எவ்வளவு என்பதே அபாயத்தின் அளவுகோல் என்று அவர் கருதினார். 1974இல் அதை அளக்க ஒரு வினாப்பட்டியலை அமைத்தார். இத்தகைய எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1985இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 14 பேர் தம்மை மாய்த்துக்கொண்டிருந்தனர். மருத்துவமனையில் இருந்தபோது அளக்கப்பட்ட நம்பிக்கையிழப்பு, அவர்களுள் பெரும்பாலோரை முன்கூட்டியே அடையாளம் காட்டியிருந்தது. மகனை இழந்து அழுது அழுது கண்ணொளி குன்றிய யஃகூப் (அலை) அவர்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று தம் மக்களுக்குச் சொன்னது நம் நினைவுக்கு வருகிறது. அழுகை அவர்களிடம் இருந்தது, நிராசை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, அழுபவரை ஈமான் குறைந்தவர் என்று பழிப்பது அறியாமை.

வயதுக்கு வயது வேறு

17 நாடுகளில் 84,850 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 9 பேர் வாழ்வில் ஒரு காலத்திலேனும் தற்கொலையைத் தீவிரமாக எண்ணியதாகக் கூறினர். முயன்றவர்கள் 100க்கு 3 பேருக்கும் குறைவு. எண்ணியவர்களுள் பெரும்பாலோர் அச்செயலில் இறங்குவதில்லை என்பது இதனால் விளங்கும். ஆனால், இறங்குவோருள் பெரும்பகுதியினர் எண்ணம் தோன்றிய முதல் ஆண்டுக்குள்ளேயே இறங்கிவிடுகின்றனர். எண்ணம் முதன்முதலில் தலையெடுப்பதும் வளரிளம் பருவத்திலும் அதை ஒட்டிய இளமையிலும்தான் மிகுதி.

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர், அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்தின் மரணங்களை வீடு வீடாகப் பதிந்து வந்தனர். 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதுள்ள பெண்களிடையே ஆண்டுதோறும் இலட்சத்துக்கு 148 பேரும், அதே வயது ஆண்களிடையே 58 பேரும் இவ்வாறு இறந்தனர் என்பது அவர்கள் கண்டது. 55 வயதைக் கடந்தோரிடையே அது இலட்சத்துக்கு 189. உலகச் சராசரியோ இன்று இலட்சத்துக்கு ஏறத்தாழ 9தான். வாழ்வின் இரு கரைகளிலும், அதாவது பருவமடையும் வயதிலும் முதுமையிலும், நம் கிராமங்களில் இத்தனை துயரம் பேசப்படாமல் இருந்திருக்கிறது.

காரணங்களும் வயதுக்கு வயது மாறுபடுகின்றன. இளையோரிடம் தேர்வுத் தோல்வி, காதல் முறிவு, வீட்டில் சச்சரவு, அடி, அவமானம் ஆகியவை முன் நிற்கின்றன. அவர்களுடைய எண்ணம் புயல்போல் வந்து புயல்போல் போவது. புதுமணப் பெண்ணிடமும் பிள்ளை பெற்ற தாயிடமும் புகுந்த வீட்டுக் கொடுமையும் பேறுகாலத்துப் பின்வரும் மனச்சோர்வும் காரணமாகின்றன. நடுவயது ஆணிடம் கடனும் தொழில் நட்டமும் மதுவும். இந்தியாவில் 2022இல் பதிவான 1,70,924 மரணங்களில் பத்தில் ஏழு ஆண்களுடையவை. குடும்பச் சிக்கல் 31.7 விழுக்காடும், நோய் 18.4 விழுக்காடும் காரணமாக எழுதப்பட்டுள்ளன.

முதியோர் நிலை வேறு. அவர்கள் சொல்வது குறைவு. செயலில் இறங்கினால் பிழைப்பதும் குறைவு. ‘நான் எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்பதும், ‘எனக்கென்று யாரும் இல்லை’ என்பதும் சேரும் இடத்தில்தான் அபாயம் பிறக்கிறது என்று தாமஸ் ஜாய்னர் 2005இல் விளக்கினார். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, மாதப் பணம் தவறாமல் வர, பேச மட்டும் ஒருவரும் இல்லாத பெரிய வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! கணியம்பாடியில் 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனநோயைக் காட்டிலும் தொடர்ந்த நெருக்கடி, தீராத வலி, தனித்து வாழ்தல் ஆகியவற்றையே அழுத்திக் கூறிற்று. செயின்ட் லூயிஸ் முடிவுக்கு இது மாறுபட்டது. நம்மிடையே மருத்துவரின் வேலை பாதி. அண்டை அயலாரின் வேலை பாதி.

நம்மிடம் இல்லை என்பது மெய்யா?

முஸ்லிம் நாடுகளில் இம்மரணத்தின் கணக்கு குறைவாகவே பதிவாகி வந்துள்ளது. மார்க்கத்தின் தடை ஓர் அரணாய் நிற்பதை நாம் மறுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், இறப்புக் கணக்கு குறைந்திருந்தாலும் முயற்சிகள் முஸ்லிம்களிடையே குறைவாகத் தெரியவில்லை என்று டேவிட் லெஸ்டர் 2006இல் எழுதினார். அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வில், வாழ்வில் ஒரு முறையேனும் முயன்றதாகக் கூறியோர் 100க்கு ஏறத்தாழ 8 பேர். பிற சமயத்தாரைவிட அது கூடுதல். அரண் வலுவானதுதான். உள்ளே தீப்பற்றினால் வெளியே குரல் கேட்காத அரணாக அதை நாம் ஆக்கிவிடக் கூடாது.

காப்பாற்றியவை எவை?

கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற அச்சம் வீணானது. நியூயார்க் மாநிலத்தில் 2,342 மாணவர்களைக் கொண்டு 2005இல் வெளியான ஆய்வு, தற்கொலை எண்ணம் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டதால் கேடு எதுவும் விளையவில்லை என்று காட்டிற்று. சான்பிரான்சிஸ்கோ மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து வெளியேறி மேற்சிகிச்சையை மறுத்த 843 பேருள் ஒரு பாதியினருக்கு, நலம் விசாரித்துச் சில வரிக் கடிதங்களை ஐந்தாண்டுகள் அனுப்பி வந்தார். கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் ஈராண்டுகளில், மரணம் குறைவு. ஸலாம் சொல்லி நலம் கேட்பதன் வலிமை அவ்வளவு!

சாவின் விளிம்பில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை ரிச்சர்ட் சைடன் 1978இல் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னர் உயிருடன் இருந்தனர் அல்லது இயற்கையாகவே இறந்திருந்தனர். அந்த ஒரு நேரத்தைக் கடத்திவிட்டால் வாழ்வு திரும்பிவிடுகிறது. இலங்கையில் 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் இவ்வாறு இறந்து வந்தனர். மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் அடுத்தடுத்துத் தடை செய்யப்பட்ட பிறகு, அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கிற்கு வந்தது. ஆபத்தானதைக் கைக்கெட்டாமல் வைத்ததே ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்திருக்கிறது. தேர்வில் தோற்ற மாணவர் ஓராண்டை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுதலாம் என்று தமிழ்நாட்டில் வகுத்த ஏற்பாடும் அத்தகைய நற்செயலே.

சட்டமும் மனம் இளகிற்று. இலங்கை 1998இல் இதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. சிங்கப்பூர் 2020இலும், பாகிஸ்தான் 2022இலும், மலேசியா 2023இலும் நீக்கின. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதி அரசு உதவ வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இனி, ‘போலீஸ் கேசாகிவிடும்’ என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தயங்க வேண்டுவதில்லை.

நம் கடமை

வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்து, உறக்கம் கெட்டு, தமக்கு உரியதைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், ‘இனி நான் எதற்கு?’ என்றால், அருகில் அமர்ந்து கேட்போம். ‘உனக்குச் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று தெளிவாகவே கேட்போம். ‘ஹராம்’ என்ற சொல்லை முதல் விடையாக வீசாது, முழுவதும் கேட்டு முடிப்போம். தனியே விடாதிருப்போம்; வீட்டிலுள்ள ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துவோம்; மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் உதவி கிடைக்கும். ஜும்ஆ மேடைகளில் இமாம் பெருமக்கள் தடையை எடுத்துரைக்கும்போது, மர்யம் (அலை) அவர்களின் ஏக்கத்தையும் அதற்கு வந்த ஆறுதலையும் சேர்த்தே எடுத்துரைக்க வேண்டுகிறோம். இத்தகைய மரணம் நேர்ந்த வீட்டுக்கு மற்ற வீடுகளுக்குச் செல்வது போலவே சென்று துக்கம் விசாரிப்போம். அங்கே எஞ்சியிருப்போரின் நெஞ்சும் அன்று வாழ்வை வெறுத்தே நிற்கும்.

உள்ளம் உடைந்தவரின் கதவைத் தட்டுபவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.